பதினேழு வயதில் ஒருவரை அளப்பது

2006 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பாடசாலையை முடித்த ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற பந்துவீச்சாளரை எந்தத் தொழில்முறை பேஸ்போல் கழகமும் கேட்கவில்லை. கழகங்கள் முறை வைத்து வீரர்களைத் தெரிவு செய்கிற நிகழ்வை அமெரிக்காவில் 'ட்ராப்ட்' என்பார்கள். அந்த வருட ட்ராப்டில் 50 சுற்றுகள், சுமார் 1,500 பெயர்கள். அதில் இவர் பெயர் இல்லை. உடம்பு பெருத்துப்போச்சு, உடற்தகுதி போதாது என்பதுதான் அவரைப் பற்றிய பேச்சு. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. மூன்று வருடம் கழித்து, 2009 ட்ராப்டில் முதலாவதாக வாசிக்கப்பட்ட பெயர் அவருடையது.

திறமை எப்படியும் வெல்லும் என்று சொல்லி இந்தக் கதையை முடித்துவிடலாம். நாங்கள் கேட்பது வேறு. 2006 இல் பார்த்தவர்கள் எதை அளந்தார்கள்?

பேஸ்போல் தெரிவாளர்களுக்கென்று ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. பந்தைச் சரியாக அடிப்பது, பலமாக அடிப்பது, ஓட்டம், எறிதல், களத்தடுப்பு என்று ஐந்து திறன்கள். ஒவ்வொன்றுக்கும் 20 இலிருந்து 80 வரை புள்ளி. 50 என்றால் உயர்மட்டத் தொழில்முறை ஆட்டத்தின் சராசரி. பாடசாலைப் பிள்ளைக்கு இரண்டு புள்ளி போடுவார்கள்: இன்றைக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு. இந்த இரண்டாவது புள்ளிதான் வில்லங்கம். அது அளவு இல்லை, ஊகம்.

பாடசாலை ஆட்டத்தின் எண்ணிக்கைகளை வைத்துத் தீர்மானிக்கவும் ஏலாது. எதிரில் பந்து வீசுபவரின் தரம் ஊருக்கு ஊர் மாறும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பலமில்லாத அணிக்கு எதிராக அடித்த சதமும் சதம்தான், ஆனால் அதை வைத்து எவ்வளவு சொல்லலாம்?

பல்கலைக்கழகப் பயிற்சியாளருக்கு இது காசு விஷயமும்கூட. அண்மைக் காலம் வரை முதற்பிரிவுப் பல்கலைக்கழக அணி ஒன்றுக்கு 11.7 முழுப் புலமைப்பரிசில்கள்தான். அதைப் பல வருடங்களாக 27 பேர் வரை பங்குபோட்டார்கள். ஆகவே ஒரு பிள்ளையைப் பற்றிய மதிப்பீடு என்பது அந்தக் குடும்பம் எவ்வளவு கட்டணம் கட்டவேண்டும் என்ற கணக்கு.

மறுபக்கத்தில் பில்லி பீன். 1980 இல் பாடசாலை முடித்தபோது தெரிவாளர்களின் கண்ணுக்கு அவரிடம் எல்லாமே இருந்தது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வாய்ப்பை விட்டுவிட்டு, முதற்சுற்றில் தெரிவு செய்த நியூயோர்க் மெட்ஸ் கழகத்தில் சேர்ந்தார். உயர்மட்டத்தில் 148 ஆட்டங்கள், துடுப்பாட்டச் சராசரி .219. அவ்வளவுதான். பிறகு ஓக்லண்ட் கழகத்தின் முகாமையாளராக வந்த அதே மனிதர், 2002 ட்ராப்டில் பல்கலைக்கழகத்தில் விளையாடியவர்களையே அதிகம் தேடினார். நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்குப் போனவரைப் பொதுவாக மூன்றாம் வருடம் முடியும்வரை, அல்லது 21 வயதாகும்வரை எடுக்கமுடியாது. அதற்குள் ஆள் வளர்ந்துவிடுகிறார், பலமான எதிரணிகளோடு ஆடிய பதிவும் கையில் இருக்கிறது. ஊகம் குறைகிறது.

அப்போ பல்கலைக்கழகப் பதிவை நம்பலாமா? அதிலும் ஓட்டை இருக்கிறது. 1940 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துக்காக ஆடிய ஒருவரின் சராசரி .097. பத்துக்கு ஒன்றுகூட இல்லை. அவர் ஜக்கி றொபின்சன். 1947 இல் ஆண்டின் சிறந்த புதுமுக வீரர், 1949 இல் தேசிய லீக்கின் பெறுமதிமிக்க வீரர். அந்த .097 ஐவிடப் பெரிய தடை ஒன்றும் அவருக்கு இருந்தது. 1947 வரையான அரை நூற்றாண்டுக்கும் மேலாக, கறுப்பின இளைஞர்களுக்கு மேஜர் லீக்கில் இடமே இருக்கவில்லை. தெரிவாளரின் கொப்பியில் அவர்களுக்கு 20 புள்ளிகூட இல்லை. அளவுகோலைப் பற்றிப் பேசும்போது யாரை அளக்கவே இல்லை என்பதையும் பேசத்தான் வேணும்.

இடம் கொஞ்சம், பிள்ளைகள் அதிகம் என்கிறபோது அளக்காமல் இருக்கமுடியாது. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் போடுகிற புள்ளிக்குப் பக்கத்தில் திகதியையும் போடவேணும். 2006 இன் ஸ்ட்ராஸ்பர்க்கைப் பற்றிச் சொன்னது பிழை என்றுகூட இல்லை. அது 2006 க்கு மட்டும் சரியாக இருந்தது. அவர் தப்பியது, பதினெட்டு வயதுக்குப் பிறகும் அவரை இன்னொருமுறை பார்க்க ஒரு இடம் இருந்ததால். அப்படி ஒரு இடம் கிடைக்காதவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதனால்தான் அவர்களைப் பற்றி எங்களால் எழுதமுடியவில்லை.