முதுமை எய்திய ஓர் எஞ்சின்

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, நீராவிப் பொறியின் வரலாற்றை நடத்தும் போதெல்லாம் ஒரு மாணவனாவது எழுந்து, "ஐயா, ஓடாத எஞ்சினைக் காட்சிச்சாலையில் நிறுத்தி வைப்பதனால் என்ன பயன்? பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமே!" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். லண்டன் அறிவியல் காட்சிச்சாலையில் நிற்கும் 'பஃபிங் பில்லி' என்னும் எஞ்சினின் கதையே அதற்கு விடை கூறும். இன்று உலகில் எஞ்சியுள்ள நீராவி ரயில் எஞ்சின்களுள் மிகப் பழையது அதுவே.

இங்கிலாந்தின் வடபகுதியில், டைன் ஆற்றங்கரையில் வைலம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வெட்டிய நிலக்கரியைச் சுமார் 5 மைல் தொலைவிலிருந்த லெமிங்டன் படகுத்துறைக்குக் குதிரைகள் இழுத்துச் சென்றன. நெப்போலியனோடு நடந்த போரினால் குதிரைத் தீவனத்தின் விலை ஏறியது. சுரங்க உரிமையாளர் கிறிஸ்டபர் பிளாக்கெட் குதிரைக்கு மாற்றுத் தேடலானார்.

ஆனால் அக்காலத்தவர் பலர் ஓர் ஐயம் கொண்டிருந்தனர். வழவழப்பான தண்டவாளத்தின்மேல் வழவழப்பான சக்கரம் வழுக்கிச் சுழலுமேயன்றிப் பாரத்தை இழுக்குமா? இதற்கு அஞ்சியே 1812-இல் மிடில்டன் சுரங்கத்தார் பல் வைத்த தண்டவாளமும் பற்சக்கரமும் அமைத்தனர். வைலம் சுரங்க மேற்பார்வையாளர் வில்லியம் ஹெட்லியோ சோதனை செய்து பார்க்க முற்பட்டார். ஆட்கள் கைப்பிடியைச் சுற்றினால் சக்கரம் உருளும்படி ஒரு வண்டி செய்தார். அதில் எடை ஏற்றி, பின்னே கரி வண்டிகளைப் பூட்டினார். போதிய எடை இருந்தால் வழவழப்பான சக்கரமே இழுக்கும் என்பது தெளிவாயிற்று. அவ்வுண்மையின்மேல் 1813-14-இல் எழுந்ததே பஃபிங் பில்லி.

தொல்லை வேறு வடிவில் வந்தது. ஏறத்தாழ 8 டன் எடையைத் தாங்காமல் வார்ப்பிரும்புப் பாதை உடைந்தது. ஆகவே நான்கு சக்கரங்களை எட்டாக்கிப் பாரத்தைப் பகிர்ந்தளித்தனர். 1830-ஐ ஒட்டி உறுதியான தண்டவாளம் இட்டபின் மீண்டும் நான்காக்கினர். மணிக்கு 5 மைல் வேகமே உடைய அவ்வெஞ்சின் அரை நூற்றாண்டுக் காலம் உழைத்தது. 1862-இல் அது லண்டன் காப்புரிமை அலுவலகக் காட்சிச்சாலைக்கு இரவலாகச் சென்றது. பின்னர் 200 பவுனுக்கு விலைக்கு வாங்கப்பெற்றது.

இனி, மாணவனின் கேள்விக்கு வருவோம். 1804-இல் வேல்ஸ் நாட்டில் ரிச்சர்டு டிரெவிதிக் ஓட்டிய எஞ்சின் இதனினும் மூத்தது. ஆனால் அது காக்கப்படவில்லை. அதன் அமைப்பைப் பற்றி இன்று ஏடுகளைக் கொண்டு ஊகிக்கவே முடியும். பில்லியையோ நேரில் அளந்து பார்க்கலாம். எடின்பரோவிலுள்ள அதன் உடன்பிறப்பான 'வைலம் டில்லி'யோடு அதனை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், பில்லியே மூத்தது என முடிவு கண்டனர். இரும்பே அங்கே சாட்சி சொல்லியது.

"அப்படியாயின் பழுது பார்த்து ஓட்டினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். ஓட்ட வேண்டுமாயின் தேய்ந்த உறுப்புகளைக் களைந்து புதியன பூட்ட வேண்டும். களைந்த உறுப்போடு சான்றும் போய்விடும். ஆதலால் பீமிஷ் திறந்தவெளிக் காட்சிச்சாலைக்கென 2006-இல் அதே வடிவில் புதியதொரு எஞ்சின் செய்தனர். பாட்டனாரை அமர்த்திவிட்டுப் பேரனை ஓடவிட்டிருக்கின்றனர்! மூலத்தைக் காப்பதும், இயக்கத்தைக் காட்டுவதும் ஆகிய இரு கடமைகளும் இதனால் நிறைவேறின.

நீங்கள் எங்கேனும் ஒரு பழைய எஞ்சினைக் கண்டால், சற்றே நின்று அதன் தேய்மானத்தைப் பாருங்கள். எந்தப் பாரத்தை இழுத்தது, எந்த ஐயத்தைத் தீர்த்தது என்று கேளுங்கள். கேட்பவர் இருக்கும்வரை அது வெறும் இரும்பன்று.