மிதிவண்டித் தலைத்தாங்கித் தளர்வு

மிதிவண்டித் தலைத்தாங்கித் தளர்வு என்பது, முன்கவையைச் சட்டகத்துடன் இணைக்கும் தாங்கியின் கிண்ணங்கள், தாம் பொருந்தியுள்ள தலைக்குழாயில் இறுக்கம் இழந்து அசையும் நிலையைக் குறிக்கும். இத்தாங்கி கடைகளில் ஹெட்செட் என்று வழங்கும். நெடுங்காலம் ஓடிய சட்டகங்களில் இப்பழுது பரவலாகக் காணப்படுகின்றது. வண்டியைத் திருப்புவதும் முன் பிரேக்கால் நிறுத்துவதும் இவ்விணைப்பைச் சார்ந்தவை என்பதால் இதனைப் புறக்கணிப்பது ஆபத்தானது. இக்கட்டுரை 1 அங்குல மரைத்தண்டு கொண்ட எஃகுச் சட்டகங்களை முதன்மையாகக் கொண்டது.

அமைப்பு

தலைக்குழாயின் மேல்வாயிலும் கீழ்வாயிலும் ஒவ்வொரு கிண்ணம் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது திருகோ பசையோ அன்று. கிண்ணத்தின் புறவிட்டம் குழாயின் உள்விட்டத்தைவிட ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மி.மீ. வரை பெரிதாக இருப்பதால் உண்டாகும் நெருக்கமே ஆகும். கிண்ணங்களில் பால்ரஸ் எனப்படும் எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. கவையின் தோளில் ஒரு வளையம் இறுக்கமாக அமர்ந்திருக்கும். மேலேயுள்ள மரை வளையமும் பூட்டு மரையும் குண்டுகளின் இறுக்கத்தை அமைக்கின்றன.

காரணங்கள்

பூட்டு மரை தளர்ந்த நிலையில் தொடர்ந்து ஓட்டுவதே முதன்மையான காரணம். ஒவ்வொரு பள்ளத்திலும் கிண்ணம் குழாயின் வாயை இடித்து, நாளடைவில் அதனை முன்பின்னாக நீள்வட்டமாக்கிவிடும். கீழ்க்கிண்ணமே கூடுதல் சுமை தாங்குவதால் தேய்வும் அங்கேயே மிகுதி. முன்புற மோதல், துரு, கிண்ணங்களைப் பலமுறை கழற்றி மாட்டுதல் ஆகியவையும் காரணங்களாகும்.

சில வேளைகளில் சட்டகத்தில் குறையே இராது. கிண்ணம் மட்டும் தவறான அளவினதாக இருக்கும். ஐ.எஸ்.ஓ. கிண்ணத்தின் புறவிட்டம் 30.2 மி.மீ., ஜப்பானிய ஜே.ஐ.எஸ். கிண்ணத்தின் புறவிட்டம் 30.0 மி.மீ. ஆகும். கண்ணுக்குத் தெரியாத இந்த 0.2 மி.மீ. வேறுபாடே இறுக்கம் முழுவதையும் போக்கப் போதுமானது.

கண்டறிதல்

முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். கிண்ணமும் குழாயும் சேரும் இடத்தில் விரலை வைத்தால் அசைவு எங்குள்ளது எனத் தெரியும். கவை மட்டும் அசைந்தால் அது மரையைச் சரிசெய்தால் தீரும் சிறு குறை. கிண்ணமே குழாயினுள் அசைந்தால், மரையை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. குண்டுகள்தாம் பள்ளம் விழுந்து கெடும்.

அடுத்து, கிண்ணத்தைக் கழற்றிக் குழாயின் உள்விட்டத்தை வெர்னியர் அளவியால் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அளக்க வேண்டும். செய்யவேண்டிய பழுதுபார்ப்பை இவ்விரு அளவுகளே தீர்மானிக்கின்றன. குழாய் விளிம்பிலோ பற்றவைப்பிலோ விரிசல் இருந்தால் கிண்ணத்தை இறுக்கும் முறை எதுவும் உதவாது.

பழுதுபார்த்தல்

ஜே.ஐ.எஸ். அளவில் செய்யப்பட்ட குழாய் சீராகத் தேய்ந்திருந்தால், 30.2 மி.மீ. கிண்ணத்தைப் பொருத்துவது மிக எளிய தீர்வாகும். ஆனால் கவைத் தோளின் வளையம் ஜே.ஐ.எஸ். முறையில் 27.0, ஐ.எஸ்.ஓ. முறையில் 26.4 மி.மீ. என்பதால் அதனையும் சரிபார்க்க வேண்டும்.

சிறு இடைவெளிக்கு உருளைப் பொருத்தப் பசை ஏற்றது. காற்றற்ற இடத்தில் உலோகத்தைத் தொட்டு இறுகும் இவ்வகைப் பசைகளுள் லாக்டைட் 638 ஏறத்தாழ 0.25 மி.மீ. வரையும், 660 ஏறத்தாழ 0.5 மி.மீ. வரையும் நிரப்பும். துருவை முற்றிலும் நீக்கி, கிரீசை அசிட்டோனால் துடைத்தபின் பூச வேண்டும். தளர்ந்த கிண்ணம் சாய்ந்து அமரக்கூடும் என்பதால், பசை இறுகும்வரை கவையைக் குண்டுகளுடன் மாட்டி மெல்ல இறுக்கி வைத்தல் நன்று. பசை குண்டுகளில் படலாகாது. வண்டியை ஒரு நாள் கழித்தே ஓட்டலாம். பின்னர் கிண்ணத்தைக் கழற்றக் கடும் வெப்பம் தேவைப்படலாம். அதில் வண்ணப்பூச்சு கருகும்.

குளிர்பானக் குவளையின் தகட்டை வெட்டிச் சுற்றுவது பழைய கைமுறை. ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமனுள்ள தகடு விட்டத்தில் 0.2 மி.மீ. கூட்டும். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கிண்ணம் கோணும். குழாயின் உட்புறத்தைப் புள்ளிப் புள்ளியாகக் குத்தி மேடாக்கும் முறையும் உண்டு. அம்மேடுகள் விரைவில் நசுங்கிவிடுவதால் அது வீடு போய்ச் சேர உதவுமேயன்றித் தீர்வாகாது.

வாய் வெகுவாக நீள்வட்டமான எஃகுக் குழாய்க்குப் பசையும் தகடும் போதா. சட்டகம் செய்வோர் அதன் உட்புறத்தைப் பித்தளைப் பற்றால் நிரப்பி ரீமரால் கடைவர், அல்லது குழாயையே மாற்றுவர். அலுமினியச் சட்டகங்களில் பற்றவைப்பின் வெப்பம் உலோகத்தின் வலுவைக் குறைத்து, மீண்டும் வெப்பப் பதப்படுத்தலைத் தேவையாக்கும். ஆதலால் அத்தகைய நிலையில் அவற்றைக் கழித்துவிடுவதே வழக்கம்.