வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

"கண்ணை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை உரித்துவிடுங்கள்" என்று சொல்லிப் பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைப்பது யாழ்ப்பாணத்திலும் தஞ்சாவூரிலும் ஒருகாலத்தில் மரியாதைப் பேச்சு. இலங்கையில் 1983இல் நடந்த கலவரத்துக்குப் பின் ரொறன்ரோவில் வந்திறங்கிய ஈழத்துப் பெற்றோர் பலர் இந்தப் பேச்சையும் கூடவே கொண்டுவந்தார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. மாணவரின் உள்ளங்கையில் அடிக்கும் தோல்வாரை ரொறன்ரோ கல்விச் சபை 1971இலேயே ஒழித்துவிட்டிருந்தது. அடிக்காத பள்ளியில் பிள்ளை எப்படி உருப்படும் என்று வீடுகளில் கவலை. ஆனால் தண்டனை அந்த ஊரை விட்டுப் போய்விடவில்லை. கையிலிருந்து கதவுக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். பிள்ளையை யாரும் தொடமாட்டார்கள், வெளியே நிறுத்திவிடுவார்கள்.

வெளியே நிறுத்துவது அங்கே பழைய வழக்கம். 1844 முதல் 1876 வரை மேல் கனடாவின் (இன்றைய ஒன்ராறியோ) கல்வித்துறைத் தலைவராக இருந்த எகர்ட்டன் றயர்சன்தான் அந்த மாகாணத்தின் பொதுப் பள்ளிகளுக்கு அடித்தளம் போட்டவர். அவர் காலத்தில் வந்த 1871ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. 7 முதல் 12 வயதுள்ள பிள்ளைகள் ஆண்டில் நான்கு மாதமாவது பள்ளிக்கு வந்தாக வேண்டும் என்றது. எல்லோரும் வரவேண்டும் என்று ஆனவுடனேயே அடுத்த கேள்வி முளைத்தது: வந்தும் அடங்காதவர்களை என்ன செய்வது? வராமல் தெருவில் திரிபவர்களை? ரொறன்ரோவுக்கு மேற்கே மிமிக்கோவில் 1887இல் விக்டோரியா தொழிற்பள்ளி திறக்கப்பட்டது. பள்ளிக்கு மட்டம் போட்ட பையன்கள், சில்லறைத் திருட்டில் அகப்பட்டவர்கள், பெற்றோரால் கட்டுப்படுத்த முடியாதவர்கள் என்று நீதிபதிகள் முத்திரை குத்தியவர்கள் எல்லோரும் அங்கே அனுப்பப்பட்டார்கள். 1934இல் அது மூடப்பட்டது.

றயர்சனின் பெயருக்கு இன்னொரு கறையும் உண்டு. பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்துப் படிப்பிக்கும் யோசனையை 1847இல் அவர் எழுதிக்கொடுத்தார். பின்னாளில் வதிவிடப் பள்ளிகள் என்ற பெயரில் நடந்த கொடுமைக்கு அந்த யோசனையும் ஒரு வேர். 2021 ஜூனில் ரொறன்ரோ நடுநகரில் அவர் சிலை கவிழ்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் பெயரைத் தாங்கியிருந்த பல்கலைக்கழகமும் பெயரை மாற்றிக்கொண்டது.

அந்தக் காலத்துக் கல்வி அதிகாரிகள் எல்லோரும் அப்படியே இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1874 முதல் 1913 வரை ரொறன்ரோப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த ஜேம்ஸ் ஹியூஸ், பிள்ளையின் இயல்போடு ஒத்துப் போய்த்தான் ஒழுங்கை வளர்க்க வேண்டும் என்ற ஜெர்மானியக் கல்வியாளர் ஃபுரோபெலின் கொள்கையில் ஊறியவர். 1883இல் லூயிசா தெருப் பள்ளியில் அரசுச் செலவில் பாலர் வகுப்பைத் தொடங்கவைத்தார். அதே மனிதர் பையன்களுக்கு இராணுவப் பயிற்சி கொடுப்பதையும் வாழ்நாள் முழுக்க ஆதரித்தார் என்பது வேடிக்கை.

இந்தக் கதையில் நின்று பார்க்க வேண்டிய ஆள் ஒரு தாதி. லீனா றொஜர்ஸ், ஒன்ராறியோவில் பிறந்து ரொறன்ரோவின் சிறுவர் மருத்துவமனையில் பயின்றவர். 1902இல் அவர் நியூ யோர்க்கில் இருந்தார். அங்கே பள்ளிகளில் மருத்துவர்கள் சோதனை நடத்தி, படர்தாமரை, கண்நோய், சிரங்கு, பேன் இருந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அனுப்புவதோடு அவர்கள் வேலை முடிந்தது. வீட்டில் மருந்து போட ஆளும் இல்லை, காசும் இல்லை. பிள்ளை தெருவில் விளையாடும்; அதே நோயை அதே வகுப்புத் தோழனுக்கு மாலையில் கொடுத்துவிட்டு வரும். லிலியன் வோல்ட் என்ற சமூக சேவகி, ஒரு தாதியைப் பள்ளிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று நகராட்சியைச் சம்மதிக்கவைத்து, லீனாவை நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். லீனா பள்ளியிலேயே புண்ணைக் கழுவி மருந்து போட்டார். மாலையில் வீடு தேடிப் போய்த் தாயிடம் பேசினார். நோயால் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை ஓராண்டில் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகச் சுருங்கியது.

மருத்துவர் செய்தது பள்ளியைக் காப்பாற்றும் வேலை. லீனா செய்தது பிள்ளையைக் காப்பாற்றும் வேலை. அதில் பள்ளியும் சேர்ந்து தப்பித்தது. ரொறன்ரோவின் பள்ளிப் பாதுகாப்பு வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையேதான் போய்வந்திருக்கிறது.

1910இல் ரொறன்ரோ கல்விச் சபை அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பல் துலக்கும் பயிற்சி, மூக்குச் சிந்தும் பயிற்சி, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமிகளுக்குக் குழந்தை வளர்ப்பு வகுப்பு என்று அவருடைய தாதிகள் பள்ளிகளில் வேலையைப் பரப்பினார்கள். காசநோய்ப் பயம் இருந்த மெலிந்த பிள்ளைகளுக்காக மரங்களுக்கு நடுவே காட்டுப் பள்ளிகள் நடத்தப்பட்டன. ஹை பார்க்கில் ஒன்று 1914இல் தொடங்கியது. வேளைக்குச் சாப்பாடு, மதியம் கட்டிலில் வரிசையாகப் படுத்துத் தூக்கம், பிறகு பாடம். அந்தக் காட்சிகளின் படங்கள் நகர ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. 1917இல் பள்ளித் தாதிகள் கல்விச் சபையிலிருந்து நகரச் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டார்கள்.

தோல்வார் மட்டும் தன் பாட்டுக்கு இருந்தது. 1968இல் எமெற் ஹோல், லொயிட் டெனிஸ் இருவரின் தலைமையில் வந்த மாகாணக் கல்வி அறிக்கை, பள்ளியில் உடல் தண்டனை வேண்டாம் என்று சொன்னது. மூன்று ஆண்டு கழித்து ரொறன்ரோ கேட்டது. நாட்டின் பல பகுதிகள் கேட்கவில்லை. ஆசிரியர் தண்டனையாக மாணவரை அடிக்கக் கூடாது என்று கனடா உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2004இல்தான். இலங்கைக் கல்வி அமைச்சு பிரம்புக்கு எதிராகச் சுற்றறிக்கை விட்டது 2005இல். ஊரைப் பார்த்துப் பெருமூச்சு விடும் கனடாக்காரர் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

1990களில் காற்று மாறியது. பள்ளிகளில் கத்தி, துப்பாக்கி என்ற செய்திகள் பத்திரிகைகளில் பெரிதாக வந்தன. தமிழர் செறிந்து வாழத் தொடங்கியிருந்த ஸ்காபரோவின் கல்விச் சபை 1993இல் 'துளியும் பொறுப்பதில்லை' என்ற கொள்கையைக் கையில் எடுத்தது. வன்முறைக்கும் ஆயுதத்துக்கும் மன்னிப்பே கிடையாது என்பது அதன் சாரம். 1998இல் ஸ்காபரோ உட்படப் பழைய சபைகள் இணைந்து ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை உருவானது. 2000இல் ஒன்ராறியோ முதல்வர் மைக் ஹரிஸின் அரசு அதே மனப்பான்மையை மாகாணம் முழுவதற்கும் சட்டமாக்கியது. பாதுகாப்பான பள்ளிகள் சட்டம் என்று பெயர். ஆசிரியரைத் தூஷணத்தால் திட்டினால், மிரட்டினால், பள்ளிச் சொத்தை உடைத்தால், போதையோடு வந்தால் இடைநிறுத்தம் கட்டாயம். ஆயுதம் வைத்திருந்தாலோ, மருத்துவரிடம் போகுமளவுக்கு ஒருவரை அடித்தாலோ வெளியேற்றம் கட்டாயம். வகுப்பாசிரியரே ஒரு நாள் நிறுத்தலாம்; அதிபர் 20 பள்ளி நாள்வரை நிறுத்தலாம். மாணவனின் நிலையைப் பார்த்து விதிவிலக்குக் கொடுக்க ஒழுங்குவிதியில் இடம் இருந்தது. ஆனால் 'கட்டாயம்' என்ற சொல்லைப் படித்த பிறகு அந்த இடத்தைத் தேடிப் போகும் அதிபர்கள் எத்தனை பேர்?

நிறுத்தப்பட்ட பிள்ளை எங்கே போகும் என்பதைப் பற்றிச் சட்டம் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. பெற்றோர் இருவரும் இரண்டு வேலை பார்க்கும் வீடு. பகலில் ஆள் இல்லை. பள்ளியிலிருந்து வரும் கடிதம் ஆங்கிலத்தில். அதை அம்மாவுக்குப் படித்துச் சொல்வது பெரும்பாலும் அந்தப் பிள்ளையேதான். "ஸ்கூலால ரெண்டு நாள் லீவு தந்திருக்கினம்" என்று மொழிபெயர்த்துவிட்டு நகரின் வணிக வளாகங்களில் பொழுது போக்கிய பையன்களை அந்தக் காலத்து ஸ்காபரோ நன்றாக அறியும். 1990களின் பிற்பகுதியில் தமிழ் இளைஞர் குழுக்களுக்குள் வெட்டும் சூடும் நடந்துகொண்டிருந்த நகரத்தில், பகலில் கேட்பாரற்று நிற்கும் பதினாறு வயதுப் பையனுக்காகக் காத்திருந்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

2003இல் ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம், கென் பட்டாச்சார்ஜி எழுதிய ஓர் அறிக்கையை வெளியிட்டது. சட்டம் கறுப்பின மாணவர்களையும் மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களையும் அளவுக்கு மீறித் தாக்குகிறது என்ற எண்ணம் வலுவாக இருப்பதையும், அதற்குச் சில சான்றுகள் இருப்பதையும் அது பதிவு செய்தது. அதே அறிக்கையில், ஒரே குற்றத்துக்கு மற்றவர்களைவிடக் கடுமையாக நடத்தப்படுவோர் என்று நேர்காணப்பட்டவர்கள் சுட்டிய இனங்களில் தமிழரும் உண்டு. அடிக்காத பள்ளியைப் பார்த்துக் கவலைப்பட்ட சமூகம், அந்தப் பள்ளி யாரைத் தண்டிக்கிறது என்ற அரசு ஆவணத்தில் தன் பெயரைக் கண்டது. ஆணையத்தோடு ரொறன்ரோ கல்விச் சபை 2005இலும், மாகாணக் கல்வி அமைச்சு 2007இலும் உடன்பாட்டுக்கு வந்தன.

தமிழர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. குழுச் சண்டைகளில் நண்பர்களைப் பறிகொடுத்த தலைமுறையின் இளைஞர்களே கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையத்தைத் தொடங்கி, வீட்டுப்பாட உதவியும் வழிகாட்டலுமாகப் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். 1999 முதல் ரொறன்ரோப் பள்ளிகளுக்குள்ளேயே குடியேற்றப் பணியாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். தமிழ் பேசும் பணியாளரும் அவர்களில் இருந்தார்கள். அம்மாவுக்குக் கடிதத்தைச் சரியாகப் படித்துச் சொல்ல ஒருவர் கிடைத்தார். நூறு ஆண்டுக்கு முன் லீனா வீடு தேடிப் போன வேலையின் தொடர்ச்சிதான் இது.

இதே ஆண்டுகளில், இதே நகரத்தில், முற்றிலும் வேறு ஒரு சோதனையும் நடந்தது. நியூஃபவுண்ட்லாந்தைச் சேர்ந்த ஆசிரியை மேரி கோர்டன், 1981 முதல் ரொறன்ரோப் பள்ளிகளுக்குள் இளம் பெற்றோருக்கான மையங்களை நடத்திவந்தவர். வீட்டிலேயே அடிபட்டு வளரும் பிள்ளை பின்னாளில் தன் பிள்ளையையும் அடிப்பதை அங்கே அவர் நேரில் பார்த்தார். 1996இல் ஒரு திட்டத்தை ஆரம்பித்தார். அந்தப் பகுதியில் பிறந்த ஒரு கைக்குழந்தையும் அதன் தாயோ தகப்பனோ பள்ளி ஆண்டு முழுவதும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வகுப்புக்கு வருவார்கள். நடுவே பச்சைக் கம்பளி விரிக்கப்படும். மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து குழந்தையைக் கவனிப்பார்கள்: ஏன் அழுகிறது, எதைப் பார்த்துப் பயப்படுகிறது, இப்போது அதற்கு என்ன வேண்டும்? குழந்தைக்கு என்ன தோன்றுகிறது என்று கண்டுபிடிக்கப் பழகியவர்கள், பிறகு தங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்லப் பழகுகிறார்கள். வாத்தியார் கேட்டால் வாய் திறக்காத முரட்டுப் பையன் ஆறு மாதக் குழந்தையிடம் பேசுவான் என்று ஊகிக்கக் கல்வியியல் பட்டம் தேவையில்லை. எந்தத் தமிழ்ப் பாட்டிக்கும் தெரியும். பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கிம்பர்லி ஷோனர்ட்-றைக்கல் நடத்திய ஆய்வுகள், இத்திட்டத்தில் இருந்த மாணவரிடம் வலுச்சண்டைக் குணம் குறைவதைக் காட்டின. நியூசிலாந்து, அயர்லாந்து, ஜெர்மனி என்று திட்டம் பரவியது. துளியும் பொறுக்காத சட்டமும் இந்தக் கைக்குழந்தையும் ஒரே பள்ளிக் கட்டடங்களில் பல ஆண்டுகள் அடுத்தடுத்த அறைகளில் இருந்தன.

2007 மே 23ஆம் திகதி, சீ. டபிள்யூ. ஜெஃப்ரிஸ் உயர்நிலைப் பள்ளியின் தாழ்வாரத்தில் 15 வயது மாணவன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். ரொறன்ரோப் பள்ளியொன்றுக்குள் அப்படி நடந்ததில்லை என்று நகரம் உறைந்தது. கல்விச் சபை, வழக்கறிஞர் ஜூலியன் ஃபால்கனர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2008 ஜனவரியில் வந்த அதன் அறிக்கை நான்கு பாகம், 126 பரிந்துரை. கடுமையான தண்டனை பள்ளியைப் பத்திரமாக்கவில்லை என்று அது வெளிப்படையாகச் சொன்னது. நிதிக் குறைப்பில் பள்ளிகளிலிருந்து மறைந்துபோன சமூகப் பணியாளர்களையும் இளைஞர் பணியாளர்களையும் மறுபடி கொண்டுவரச் சொன்னது. மாணவரும் ஆசிரியரும் நடந்ததைக் கண்டும் வாய் மூடியிருந்த வழக்கத்தைத் தோண்டிக் காட்டியது. பாரதூரமான சம்பவங்களை ஊழியர்கள் அதிபரிடம் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது இதன் பின்னணியில்தான்.

அதற்குள் மாகாணம் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டிருந்தது. 2008 பெப்ரவரி முதல் இடைநிறுத்தம் தானாக விழுவதில்லை. அதிபர் விசாரிக்க வேண்டும். மாணவனின் வயது, வரலாறு, அவனே இனத்தாலோ மதத்தாலோ சீண்டப்பட்டானா என்பது எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஆசிரியரிடமிருந்து நிறுத்தும் அதிகாரம் எடுக்கப்பட்டது. ஐந்து நாளுக்கு மேல் நிறுத்தப்பட்டவருக்கும் வெளியேற்றப்பட்டவருக்கும் கல்விச் சபை படிப்புக்கு வழி செய்தாக வேண்டும். பகிடிவதை செய்வதும் இடைநிறுத்தக் காரணங்களில் சேர்ந்தது. அதற்கான விரிவான வரையறை 2012ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது.

ஆனால் கதவு முழுதாகத் திறந்துவிடவில்லை. 2011 முதல் 2016 வரை ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை வெளியேற்றிய மாணவரில் ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பினத்தவர் என்று சபையின் சொந்தக் கணக்கே சொன்னது. 2020இல் பாலர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அதிபர் விருப்பப்படி நிறுத்துவதை மாகாணம் நிறுத்தியது. அதாவது அதுவரை ஐந்து வயதுப் பிள்ளையையும் இடைநிறுத்த முடிந்தது.

ஜெஃப்ரிஸ் பள்ளிக் கொலைக்குப் பிறகு, 2008இல், சில உயர்நிலைப் பள்ளிகளில் சீருடையும் துப்பாக்கியுமாகப் பொலிஸ் அதிகாரிகள் நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் இருப்பது பாதுகாப்பு என்று சொன்ன மாணவர்கள் நிறைய. நம்மையே கண்காணிக்கிறார்கள் என்று சொன்னவர்களும் கணிசம். இராணுவச் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வளர்ந்த பெற்றோரின் வீடுகளில் அந்த இரண்டாவது உணர்வுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 2017 நவம்பரில் கல்விச் சபை வாக்கெடுத்து அவர்களைத் திருப்பி அனுப்பியது. எட்டு ஆண்டு கழித்து, 2025 இறுதியில், ஒன்ராறியோ சட்டசபை இன்னொரு சட்டத்தை நிறைவேற்றியது: உள்ளூர்ப் பொலிஸிடம் அத்தகைய திட்டம் இருந்தால் கல்விச் சபைகள் அதற்கு இடம் கொடுத்தாக வேண்டும்.