பந்து வீசுவது நாம், மட்டை பிடிப்பது யார்?

பாலக்கோடு பக்கம் ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு வாரமாக வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டோம். அம்மா தக்காளி பறிக்கும் கூலி வேலைக்குப் போகிறவர், அப்பா பெங்களூரில் கட்டட வேலை. மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கட்ட வைத்திருந்த 3,400 ரூபாய் கணக்கில் இல்லை. பையன் அம்மாவின் போனிலிருந்து ஐம்பதும் நூறுமாக ஒரு விளையாட்டுக்குள் போட்டிருக்கிறான். அடி விழுந்திருக்கிறது. அதைவிட அவமானம்தான் அவனை வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்திருந்தது.

"இலவச விளையாட்டுதானேடா, அதுக்கு எதுக்குக் காசு?" என்று கேட்டோம்.

"ஆடறது இலவசம்தாண்ணா. ஆனா காசு போட்டவனுக்குத்தான் மரியாதை. சும்மா ஆடுறவனை நூப்புன்னு சொல்லி டீம்லயே சேத்துக்க மாட்டானுங்க" என்றான்.

"காசு போட்டவனுக்குத்தான் மரியாதை." இந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கைபேசி வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் மக்களோடு மோதிய வரி இது. 'பையன் கெட்டுப்போயிட்டான்' என்று சொல்லிக் கடந்துபோகாமல், அவன் சொன்னதன் வரலாற்றைப் பார்ப்போம்.

நான்கு ரூபாய்ச் சம்பளப் பந்துவீச்சாளர்

இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு, 1876இல் தோல் தொழில் செய்யும் தீண்டப்படாத சாதியில் பிறந்தவர். 1890களில் பூனாவில் வெள்ளைக்காரர்கள் விளையாடிய கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். ஆடுதளத்தை உருட்டுவது, வலை கட்டுவது, உறுப்பினர்கள் பயிற்சி எடுக்கும்போது பந்து வீசுவது ஆகியவை அவர் வேலை. உறுப்பினர்கள் மட்டை பிடித்தார்கள், பாலு பந்து வீசினார். மட்டை பிடிக்கும் வாய்ப்பு அங்கே அவருக்குத் தரப்படவில்லை என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதியிருக்கிறார்.

பிறகு இந்துக்களின் அணிக்கு அவர் தேவைப்பட்டார். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குக் கட்டடத்துக்கு வெளியே, தனி மண்குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியும், இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. பெரும் எதிர்ப்புகளுக்குப் பிறகு 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. (பாலு பின்னாளில், 1937 தேர்தலில், அண்ணல் அம்பேத்கரை எதிர்த்தே காங்கிரஸ் சார்பில் நின்று தோற்றார். அதையும் மறைக்க வேண்டியதில்லை.)

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, பந்து வீச ஆளில்லாமல் மட்டை பிடிப்பவருக்கு விளையாட்டே இல்லை. இரண்டு, திறமையை யார் காட்டினாலும் வெகுமதியை யாருக்குத் தருவது என்பதை விதி எழுதுகிறவர்களே முடிவு செய்தார்கள்.

நம் வரியை வாங்காத திருவிழா

நம் ஊர்த் திருவிழாக்களை எடுத்துக்கொள்வோம். ஊரில் வரி கொடுத்தவர்தான் பங்காளி. தேர் எந்தத் தெரு வரும், யாருக்குப் பரிவட்டம், யாருக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் அந்த வரியோடு சேர்ந்தவை. பல ஊர்களில் காலனி மக்களிடம் வரியே வாங்குவதில்லை. 'உங்களுக்கு எதுக்குச் சிரமம்' என்பார்கள். கேட்பதற்குச் சலுகை மாதிரி இருக்கும். வரி வாங்கினால் பங்கு தர வேண்டும், அதனால் வாங்குவதில்லை. நாம் காசு கொடுக்கத் தயாராக இருந்தும் அந்தக் காசு செல்லாத இடம் அது.

சம்பாதித்து நிமிர்ந்தால் மரியாதை வந்துவிடும் என்பார்கள். 2012 நவம்பர் 7 அன்று நம் மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துச் சேர்த்த பைக், பீரோ, டிவி, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் அதில் போயின. நம் கையில் காசு சேர்வதையே பொறுக்காத ஊர்களைப் பார்த்தவர்கள் நாம்.

இப்போது அந்தப் பையனின் இடத்தில் இருந்து பாருங்கள். விளையாட்டுக்குள் அவன் எந்த ஊர், எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. அவனே வைத்துக்கொண்ட பெயர். நூறு ரூபாய் போட்டால் மின்னுகிற சட்டை, பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம், அணியில் ஓர் இடம். அவன் வரியை மறுக்காமல் வாங்கிக்கொண்டு உடனே மரியாதை தருகிற முதல் திருவிழா அதுதான். நிறுவனம் விற்பது சட்டைதான், அவன் வாங்குவது அந்த மரியாதை. ஊர் மறுத்த ஒன்று சந்தையில் விலைக்குக் கிடைக்கும்போது, அந்தப் பசி மற்றவர்களைவிட நம் பிள்ளைகளுக்கு அதிகமாக இருப்பதில் வியப்பில்லை.

இலவசம் வந்த கதை

வீடியோ கேம் தொடக்கத்தில் காசு போட்டு ஆடும் பெட்டி. பிறகு கடையில் வாங்கும் கேசட், குறுந்தகடு. இணையம் வந்தபின் மாதச் சந்தா. இந்த முறைகளில் எல்லாம் காசு கொடுத்தவர் மட்டுமே உள்ளே. உள்ளே போனபின் எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே விதி.

2000களின் தொடக்கத்தில் தென்கொரியாவின் நெக்ஸான் போன்ற நிறுவனங்கள் இதைத் தலைகீழாக்கின. கதவை எல்லோருக்கும் இலவசமாகத் திற, உள்ளே பொருள்களை விற்பனை செய். 2009இல் ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில், 2012இல் கேண்டி க்ரஷ், கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என இந்த முறை உலகமெங்கும் பரவியது. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை. மிகச் சிலர் பெருந்தொகை கொடுக்கிறார்கள். தொழில்துறை அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'திமிங்கிலம்'.

அப்படியானால் கொடுக்காதவர்கள் எதற்கு? இங்கேதான் பாலு திரும்ப வருகிறார். நூறு பேர் இறங்கும் களத்தில் தொண்ணூறு பேர் இலவசமாக ஆடினால்தான் மீதிப் பத்துப் பேருக்குச் சுட ஆள் இருக்கும், மின்னும் சட்டையைக் காட்டக் கூட்டம் இருக்கும். இலவசமாக ஆடுகிறவர்கள் தர்மத்துக்கு உள்ளே விடப்பட்டவர்கள் அல்லர். வலையில் நின்று பந்து வீசுகிறவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு அந்த நான்கு ரூபாயும் கிடையாது.

இதில் நடந்த அநியாயங்களை எதிர்த்து ஆட்டக்காரர்களும் அரசுகளும் போராடியிருக்கிறார்கள். சீட்டுக் குலுக்குவதுபோல் பொருள் தரும் 'காச்சா' முறையின் ஒரு வடிவத்தை ஜப்பான் 2012இல் சட்டவிரோதம் என்றது. 2017இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2 விளையாட்டில் காசு போட்டவருக்கே வலிமை என்ற நிலை வந்தபோது, ஆட்டக்காரர்களின் கொந்தளிப்பால் நிறுவனம் வெளியீட்டுக்கு முன்பே அந்த விற்பனையை நிறுத்தியது. 2018இல் பெல்ஜியம் காசுக்கு விற்கும் 'லூட் பாக்ஸ்' பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. மேப்பிள்ஸ்டோரி விளையாட்டில் நல்ல பொருள் விழும் வாய்ப்பை ஆட்டக்காரர்களுக்குச் சொல்லாமல் குறைத்ததற்காக, 2024 ஜனவரியில் கொரிய அரசு நெக்ஸானுக்கு விதித்த அபராதம் சுமார் 1,160 கோடி வோன், நம் கணக்கில் எழுபது கோடி ரூபாய்க்கு மேல். அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் நிறுவனம் 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்ட 52 கோடி டாலரில் 24.5 கோடி, விருப்பமில்லாமல் வாங்க வைக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தருவதற்கானது.

நம் ஊருக்கு வந்தது

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானது. 2018இல் பப்ஜி வந்தது. 2020இல் கொரோனா பள்ளிகளை மூடியது. ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கி, தவணையில் வாங்கிய போன் நம் காலனிகளுக்குள் வந்தது. வகுப்பு பாதி நாள் நடக்கவில்லை, போன் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. 2020 செப்டம்பரில் பப்ஜியும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடை செய்யப்பட்டன. இரண்டுமே பாதுகாப்புக் காரணம் சொல்லித் தடுக்கப்பட்டவை, பிள்ளைகளின் காசுக்காக அல்ல. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற பெயர்களில் அதே வகை விளையாட்டுகள் தொடர்கின்றன.

தமிழ்நாட்டில் சட்டப் போராட்டம் ரம்மியை மையமாக வைத்து நடந்தது. கடனிலும் தற்கொலைகளிலும் குடும்பங்கள் அழிந்தபின், 2021இல் கொண்டுவந்த சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு 2022இல் அறிக்கை தந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

இந்தச் சட்டங்கள் தேவையானவை. ஆனால் அவை கேட்கிற கேள்வி, போட்ட பணம் பணமாகத் திரும்பும் என்ற ஆசை காட்டப்படுகிறதா என்பது. பணம் போய்ச் சட்டையாக, சின்னமாக, வைரமாக மட்டும் திரும்பினால் அந்தத் தடைக்குள் வராது. நம் பையனின் 3,400 ரூபாய் அந்த இடைவெளியில்தான் போனது.

எது நியாயம்?

காசு கொடுத்தவருக்கு வெகுமதியே கூடாதா? மையத்தில் பிள்ளைகளோடு இதை இரண்டு மாலை விவாதித்தோம். 'அவங்க காசு போடலைன்னா நமக்கு விளையாட்டே இருக்காதே' என்று ஒரு பெண் பிள்ளை சொன்னாள். அது உண்மை. விளையாட்டை உருவாக்கும் தொழிலாளிக்குச் சம்பளம் வேண்டும். கொடுக்கிறவரின் காசில்தான் கொடுக்காதவருக்குக் கதவு திறக்கிறது. நன்றியாக அவருக்கு ஒரு நல்ல சட்டை தந்தால் நாம் எதிர்க்க வேண்டியதில்லை.

ஆனால் சட்டை வேறு, வெற்றி வேறு. பிஜிஎம்ஐயில் துப்பாக்கிக்கு வாங்கும் தோல் அலங்காரம் மட்டுமே. ஃப்ரீ ஃபயரில் பல தோல்கள் துப்பாக்கியின் சேதத்தையோ சுடும் வேகத்தையோ கூட்டும். முதலாவதில் காசு தோற்றத்தை வாங்குகிறது. இரண்டாவதில் ஆட்டத்தின் முடிவிலும் ஒரு பங்கை வாங்குகிறது. குலுக்கல் பெட்டி இன்னும் மோசம், என்ன கிடைக்கும் என்று தெரியாமலேயே காசு போக வேண்டும்.

ரயிலில் 1974 வரை மூன்றாம் வகுப்பு இருந்தது. வெள்ளையர் காலத்தில் பயணிகள் வருமானத்தில் பெரும்பங்கைத் தந்தது அந்தக் கூட்டம்தான். குடிநீரும் கழிப்பறையும் ஒழுங்காக இருந்தது முதல் வகுப்பில். கூட்டத்தால் ஓடும் எதிலும் கூட்டத்துக்கு உரிமை உண்டு என்பதுதான் நம் நிலைப்பாடு. ஆகவே நாம் கேட்பவை இவை: வெற்றி விற்பனைக்கு இருக்கக் கூடாது. விலையை வைரத்தில் மறைக்காமல் ரூபாயில் காட்ட வேண்டும். குலுக்கலில் வாய்ப்பு எவ்வளவு என்பதை வாங்கும் முன்பே தமிழில் சொல்ல வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் வாங்கினால் ஒவ்வொரு முறையும் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். காசு போடாமல் நேரத்தையும் திறமையையும் போடுகிறவருக்கும் மேலே போக வழி இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872 ஒப்பந்தச் சட்டத்திலிருந்தே நிற்கும் விதி. அதைச் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 'இன்னும் பத்து நிமிடம்தான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது உள்ளிட்ட 13 ஏமாற்று உத்திகளை ஒன்றிய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்கள் தடுக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்த அம்மாவுக்காக நாங்களும் எழுதிப் புகார் செய்தோம். நான்கு வாரம் கழித்து 1,900 ரூபாய் திரும்பியது. மீதிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். ரசீதுக் குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் இவ்வளவாவது முடிந்தது. உங்கள் பகுதியில் ஒவ்வொரு தாய்க்கும் இதைச் சொல்லுங்கள், யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் தராமல் இருப்பதையும் சேர்த்து.

பையனை யாரும் 'நூப்' என்றோ 'திருடன்' என்றோ சொல்ல வேண்டாம். அவன் மரியாதையைத் தேடிப் போனான், தேடிய இடம்தான் தவறு. அந்தக் காலனிக்கு விளையாட ஓர் இடம் கிடையாது. ஊர்ப் பக்கத்து மைதானத்தில் நம் பிள்ளைகள் இறங்கினால் பந்து பொறுக்கிப் போடும் வேலைதான் கிடைக்கும். காலனியை ஒட்டிய புறம்போக்கில் கைப்பந்து மைதானம் வேண்டும் என்று வரும் கிராமசபையில் மனு கொடுக்கப் போகிறோம். மனுவை எழுதுகிறவன் அவன்தான். கையெழுத்து கொஞ்சம் கோணல், ஆனால் கோரிக்கை நேராக இருக்கிறது.

ஜெய் பீம்.