ரப்பரில் மிதந்த எஞ்சின்

மாமாவின் கராஜில் ஒரு நோர்ட்டன் கொமாண்டோ நிற்கிறது. வளைவுகளில் பின்பக்கம் நெளிகிறது என்று பயந்து அவர் அதை ஓட்டுவதையே விட்டிருந்தார். சென்ற கோடையில் இருவருமாகப் பிரித்துப் பார்த்தோம். அப்போதுதான் எனக்கு அதன் கதை பிடிபட்டது.

நோர்ட்டனின் இரட்டை சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். 750 சிசி அளவுக்கு வளர்ந்ததும் அதிர்வு தாங்க முடியவில்லை. அட்லஸ் மாடலை வேகமாக ஓட்டினால் கை மரத்துப்போகும். 1967இல் வந்த கொமாண்டோவிலும் அதே பழைய எஞ்சின்தான். ஆனால் எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மூன்றையும் ஒரே கட்டாகப் பூட்டி, ரப்பர் புஷ்கள் வழியாகச் சட்டத்தில் பொருத்தினார்கள். இதற்கு ஐசோலாஸ்டிக் என்று பெயர்.

அந்தக் கட்டு மேலும் கீழும் ஆடலாம், பக்கவாட்டில் ஆடக்கூடாது. பின்சக்கரமும் அதோடுதானே இருக்கிறது! பக்கவாட்டு இடைவெளியை மெல்லிய ஷிம் தகடுகளால் கால் மில்லிமீட்டர் அளவில் வைக்க வேண்டும். கூடினால் வண்டி நெளியும், இறுகினால் அதிர்வு சட்டத்துக்கு ஏறும். ஷிம் மாற்றுவது பெரிய தலையிடி. திருகியே சரிசெய்யும் வசதி 1975இன் மார்க் 3இல்தான் வந்தது. எனக்குக் கேட்டால், அது முதல் நாளே வந்திருக்க வேண்டும். இரண்டே வருடத்தில் கொமாண்டோ உற்பத்தியே நின்றுவிட்டது.

எங்கள் வண்டியின் பின் மவுண்டில் இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்! மார்க் 3 வகை அட்ஜஸ்டர்களை வாங்கிப் பூட்டினோம். எஞ்சின் தலையைச் சட்டத்தோடு பிணைக்கும் தேய்ந்த ஹெட் ஸ்டெடியையும் மாற்றினோம்.

2020இல் நோர்ட்டனை டிவிஎஸ் மோட்டார் வாங்கியதை மாமாவிடம் சொன்னேன். "நம்ம ஊர்க் கம்பனியா?" என்று சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை எடுத்தார்.