இம்ப்ரொவைசேஷன்

‘முன்கூட்டிக் காணாதது’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்தான் இதன் வேர். இத்தாலியில் அந்த நொடியிலேயே கவி புனைந்து பாடுவதைக் குறித்தது. நம் கச்சேரி மேடையில் இதற்கு மனோதர்மம் என்று பெயர். இன்று புதுத்தொழில் தொடங்குவோரிடமும் புழங்குகிறது.

ஓர் உதாரணம்: 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாநாடு, ஓட்டல்களில் இடமில்லை. வாடகைக்குத் திணறிய பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் தங்கள் வீட்டில் காற்று மெத்தை விரித்து வந்தவர்களைத் தங்கவைத்தார்கள். வீடுகளில் வாடகைக்குத் தங்க இடம் தேடித்தரும் ஏர்பிஎன்பி தளம் இப்படித்தான் பிறந்தது. பணம் தீர்ந்ததும், 2008 அமெரிக்கத் தேர்தல் சூட்டில் ஒபாமா பெயர் போட்ட காலை உணவுத் தானியப் பெட்டிகளை 40 டாலருக்கு விற்றுச் சமாளித்தார்கள்.

பெட்டி காசு தந்தது. பாடம் கற்பித்தது கேமராதான். தங்கள் தளத்தில் இருந்த நியூயார்க் வீடுகளின் மங்கலான படங்களைப் பார்த்து, 2009இல் நேரில் போய்ப் படமெடுத்தார்கள்; வருமானம் ஏறியது. பின்னர் அதுவே நிறுவனத்தின் புகைப்படச் சேவையானது.