ஆலோசனை என்னும் அக்கறை: கேம்பிரிட்ஜ் – சாமர்வில் சோதனை

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆலோசனைத் திட்டங்களை மதிப்பிடச் சுலபமான வழியொன்று வைத்திருக்கிறார்கள். பயன்பெற்றவரையே கேட்டுவிடுவது. 'உனக்கு உபயோகமா இருந்துச்சா?' இருந்தது என்பார். கணக்கு முடிந்தது. இந்தக் கேள்வி எவ்வளவு பொல்லாதது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வரலாறு உண்டு.

1908இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டு நிலையம் தொடங்கியதிலிருந்துதான் இத்துறையின் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். அதை விட்டுவிடலாம். பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஊர்களில் 1939இல் தொடங்கியதுதான் நமக்கு முக்கியம். ஹார்வர்டில் சமூக அறவியல் பேராசிரியராக இருந்த மருத்துவர் ரிச்சர்ட் கபாட், ஏழைப் பேட்டைச் சிறுவர்கள் குற்றவாளிகளாகாமல் தடுக்க வழிகாட்டும் நட்பு உதவும் என்று நம்பினார். பள்ளிகளும் போலீசும் தேவாலயங்களும் பெயர்களைக் கொடுத்தன. வயது, குடும்பம், சுபாவம் பார்த்துப் பையன்களை இரண்டிரண்டு பேராக இணை சேர்த்து, நாணயம் சுண்டினார்கள். ஒருவனுக்கு ஆலோசகர், மற்றவனுக்கு ஒன்றுமில்லை. கடைசியில் கணக்கில் நின்றவர்கள் 506 பேர், பாதிக்குப் பாதி. இது குரூரம் என்பவர்கள் உண்டு. எனக்கு நேர்மையாகவே படுகிறது. தன் நல்லெண்ணத்தையே சந்தேகிக்க இடம்வைத்த திட்டங்கள் அபூர்வம்.

ஆலோசகர்களும் ஏனோதானோ ஆட்கள் இல்லை. சராசரியாக மாதம் இருமுறை வீடு தேடிப் போனார்கள். பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், வைத்தியம் பார்க்க வைத்தார்கள், கோடை முகாமுக்கு அனுப்பினார்கள். 1945இல் திட்டம் முடிந்தது. 1951இல் வந்த அறிக்கை, குற்றங்களைத் தடுத்ததில் பலன் தெரியவில்லை என்றது. பலன் பிறகு தெரியும் என்று சமாதானம் சொல்ல அப்போது இடமிருந்தது.

1970களின் நடுவில் ஜோன் மெக்கார்ட் அந்தப் பையன்களைத் தேடிப் போனார். நடுவயது ஆண்களாகியிருந்தார்கள். ஆலோசனை பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், திட்டம் தங்களுக்கு உதவியதாகவே சொன்னார்கள். மெக்கார்ட் அதோடு நிற்கவில்லை. நீதிமன்றம், மனநல மருத்துவமனை, மரணப் பதிவு எல்லாவற்றையும் புரட்டினார். 1978இல் வெளியிட்ட முடிவு இது: மறுபடி குற்றம் செய்தல், குடிநோயின் அறிகுறிகள், தீவிர மனநோய், இளவயதுச் சாவு — இவற்றில் ஆலோசனை பெற்றவர்களே மோசம். நாணயம் கைவிட்ட பையன்கள் தேறியிருந்தார்கள்.

நன்றி என்பது திட்டத்தின் விளைபொருள். அதையே திட்டத்துக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது.

கண்காணிப்பு, ஒழுங்குபடுத்தல் என்று ஃபூக்கோவைச் சொல்லி இதை ஒரே வரியில் முடித்துவிட நம் நண்பர்களுக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் இந்தக் கேட்டைக் கண்டுபிடித்தது சொல்லாடல் பகுப்பாய்வு அல்ல; முப்பது வருடம் கழித்துப் புரட்டிய சலிப்பூட்டும் பதிவேடுகள். மாலை வகுப்பு, பயிலரங்கு என்று நாமும் நடத்துகிறோம். வந்தவர்களின் மகிழ்ச்சியைப் பதிவு செய்கிறோம். வராதவர்கள் என்ன ஆனார்கள் என்று யார் பார்த்தது?

ஏன் இப்படி ஆச்சு? சார்ந்திருக்கப் பழகிவிட்டார்களா, ஆலோசகரின் நடுத்தரவர்க்க ஆசைகள் தொற்றிக்கொண்டனவா, 'உனக்கு உதவி தேவை' என்ற முத்திரை உள்ளே இறங்கிவிட்டதா என்று மெக்கார்ட் பல ஊகங்களை முன்வைத்தார். 1999இல் வேறு இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையில் இன்னொரு தடயம் வந்தது. கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடம்தான் கேடு அதிகம். ஒருவரையொருவர் சந்திக்க அவர்களுக்கு இடம் ஏற்படுத்திக் கொடுத்தது திட்டமேதான்.